சொட்டுக் கூட்டம்

ஓசூரில் நாங்கள் வைத்த பெயர்ப்பலகையில் ‘உள்வளர்ச்சி வட்டம்’ என்று இருந்தது. ஊரில் ஒருத்தர்கூட அப்படிச் சொல்லவில்லை. சொட்டுக் கூட்டம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி இடத்தைச் சொன்னால், “சொட்டு மருந்தா மேடம்? அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குத்தானே?” என்று கேட்டுவிட்டு ஓட்டுநரே சிரித்துக்கொள்வார். முதல் மூன்று முறை நானும் சிரித்தேன். நான்காவது முறையிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டேன்.

எங்கள் சொட்டு மூக்கில் விடுவது. விட்ட பத்தாவது நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு, நடப்பது எதுவும் மனதில் தங்காது. தூக்கம் வராது, போதை கிடையாது, புத்தி தெளிவாகவே இருக்கும். பேசலாம், அழலாம், சண்டைகூடப் போடலாம். வேகம் குறைந்த பிறகு அந்த மூன்று மணி நேரம் வெறும் வெள்ளைத் தாள். ஒன்று மட்டும் தங்கும்: பேசியதால் வந்த உணர்ச்சி. மனப்பாரம் இறங்கியிருந்தால் இறங்கிய சுகம் நிற்கும். என்ன பாரம், எப்படி இறங்கியது என்பது தெரியாது.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொட்டு வருவதற்கு முன்பும் இப்படிப்பட்ட குழுக்கள் இருந்தன. வட்டமாக உட்கார்ந்து மனதைத் திறந்து பேசச் சொல்வார்கள். இங்கே சனிக்கிழமை ஒருத்தர் மனதைத் திறந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் அது அவர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எல்லோரும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் பேசினார்கள். சொட்டு வந்த பிறகு கேட்டவருக்கும் நினைவில்லை, சொன்னவருக்கும் நினைவில்லை. மடை திறந்த மாதிரி பேசினார்கள்.

வட்டத்தை நடத்துபவர் மட்டும் சொட்டு போட்டுக்கொள்ளக் கூடாது. யாருக்காவது மூச்சு முட்டினால் பார்த்துக்கொள்ள நினைவோடு ஒரு ஆள் வேண்டும் என்பது சட்டம். குறிப்பு எடுக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. சொன்னவரிடமே கூட வெளியே வைத்துச் சொல்லக் கூடாது. ஏழு வருடம் அந்த ஆள் நான். என் பெயர் ஹேமலதா. என் வட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் உள்ளே சொன்னது எதுவும் இங்கே வராது. தேட வேண்டாம்.

ஆறாவது ஆள் அம்சவேணி. நாற்பத்தாறு வயது. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங். கையில் எதை எடுத்தாலும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார், டீ டம்ளர் உள்பட.

அவர் உள்ளே சொன்னது இதுதான். மூன்று வருடம் முன்பு அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போது அம்சவேணி ஷிஃப்டில் இருந்தார். கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். கூடவே இருந்த அண்ணன் மாதேஷ் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது அப்பா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. “கடைசியா என் பேரச் சொல்லித்தான் கேட்டாராம் மேடம். நான் அங்க எண்ணெயத் தொடச்சுக்கிட்டு நட்டு பாத்துட்டிருந்தேன்” என்பார். பிறகு அழுவார்.

அந்தக் கதையை நான் முதல் சனிக்கிழமை கேட்டபோது கூடவே அழுதேன். இரண்டாவது சனிக்கிழமை அவர் மறுபடியும் அதே கதையை முதல் தடவை சொல்வது மாதிரி சொன்னார். அவருக்கு அது முதல் தடவைதான். எல்லோருக்கும் அப்படித்தான், ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குவார்கள். இந்த முறையின் அடிப்படையே அதுதான். திரும்பத் திரும்பச் சொல்லும்போது, நினைவில் இல்லாவிட்டாலும் உடம்பு பழகிக்கொள்ளும். முதல் வாரம் நாற்பது நிமிடம் அழுதவர் பத்தாவது வாரம் எட்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். அதற்குப் பெயர்தான் வளர்ச்சி.

அம்சவேணிக்கு அது நடக்கவில்லை. ஆறு வாரம் ஆகியும் அதே நாற்பது நிமிடம், அதே எண்ணெய், அதே நட்டு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அடுத்தவர் துக்கமும் புளிக்கும் என்று எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாவது வாரம் அவர் அழுதுகொண்டிருந்தபோது நான் மின்விசிறியில் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்: எனக்கு அலுத்துவிட்டது.

ஏழாவது சனிக்கிழமை ஒரு கேள்வி கேட்டேன்.

“ஃபோன் லாக்கர்ல இருக்கும்னு உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம். பல வருஷமா அதான ரூல்.”

“தெரிஞ்சும் ஏன் நாலு தடவயும் ஃபோனுக்கே அடிச்சாரு? கேட்டுக்கு ஒரு ஆள அனுப்பியிருக்கலாமே. ஆஸ்பத்திரிலருந்து உங்க கம்பெனி பதினஞ்சு நிமிஷம்தானே?”

அம்சவேணி அழுகையை நிறுத்தினார். என்னையே பார்த்தார். “ஆமா” என்றார். “ஏன் அனுப்பல?” பிறகு எழுந்து நின்று, “ஏன் அனுப்பல? என்ன வரவிடக் கூடாதுன்னு நெனச்சாரா? அப்பா என் பேரச் சொல்லும்போது தான் மட்டும் பக்கத்துல இருக்கணும்னு நெனச்சாரா?” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் அழுதார்கள். அறையே அதிர்ந்தது. நல்ல கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து சொட்டின் வேகம் குறைந்ததும் அரை மணி நேரம் டீயும் சுண்டலும் உண்டு. அங்கே அம்சவேணி, “என்னமோ இன்னிக்கு நெஞ்சு லேசா இருக்கு மேடம்” என்றார். அந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். மொத்தம் எட்டு வாரம். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுக் கேள்வி, புதுக் கோபம். எனக்கோ கைக்குப் பழகிய சாவி. எதிராளிகளின் சீட்டையெல்லாம் பார்த்துவிட்டு ஆடுகிறவர் தன்னைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வது மாதிரி நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது ஒன்று உண்டு. வட்டத்தில் இல்லாத ஆளுக்கு வட்டத்தில் தீர்ப்புச் சொல்லாதே, சொல்லவும் விடாதே. தெரிந்தே அதை மீறினேன் என்று சொன்னால் பொய். மீறுகிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் அழுதார்கள், அதனால் சரியாகத்தான் செய்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்தார். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. ராயக்கோட்டை ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பெயர் மாதேஷ் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“என் தங்கச்சி அம்சவேணி இங்கதான் வர்றாளா மேடம்?”

“யார் வர்றாங்க, யார் வரலன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க.”

“சரிங்க. வர்றது வேற யாரோன்னே வச்சுக்கங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க.”

நல்ல மனிதர். கோபப்படவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அம்சவேணியின் மகளுக்கு வருகிற மாதம் பத்தாம் தேதி கல்யாணம். தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போய்விட்டது. அவர் வீட்டுக்கு வரவில்லை.

“நான் தாய்மாமன் மேடம். பொண்ணுக்குப் பட்டு எடுத்து வச்சு ஆறு மாசம் ஆச்சு. கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியவன். எனக்குப் பத்திரிகை இல்லன்னா ஊரு என்ன பேசும்னு விடுங்க, அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்? மச்சான் கேட்டுப் பாத்துட்டாரு, பொண்ணே கேட்டுப் பாத்துடுச்சு. அவ சொல்றது ஒண்ணுதான். தெரியல, அண்ணனப் பாத்தா எனக்கு ஆகல, காரணம் கேக்காதீங்கங்கறா. சண்ட போட்டிருந்தா சமாதானம் பண்ணலாம். சண்டையே இல்லையே மேடம்.”

பேசுவதற்கு எனக்கு அனுமதியும் இல்லை, வாயும் இல்லை.

“நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க. அவ கால்ல விழுந்துடறேன், சின்னவதான், பரவால்ல.” தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார். “நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் மறைச்சேன். அப்பா போன அன்னிக்கு நான் அவரு கைய விட்டு நகர முடியல. என் கூட்டாளி நாராயணன வண்டில அவ கம்பெனிக்கு அனுப்புனேன். ஒன்ற மணி நேரம் கேட்டுல நின்னான், அப்பா போயிட்டாருன்னு நான் சொன்னதும்தான் திரும்புனான். லைன நிறுத்த முடியாது, ஷிஃப்ட் முடிஞ்சதும் சொல்லிடறோம்னாங்களாம் செக்யூரிட்டி. சொல்லவே இல்ல.”



“இத அவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நேரா போய் அந்த செக்யூரிட்டி சட்டையப் பிடிப்பா. வேலை போயிடும். அப்ப மச்சானுக்கும் வேலை இல்ல, பொண்ணு படிச்சுட்டிருந்துச்சு. போனவரு போயிட்டாரு, இருக்கறவங்க சாப்பிடணுமே. அதான் விழுங்கிட்டேன்.”

“இப்பச் சொல்லலாமே.”

“போன மாசம் அதுக்குத்தான் போனேன். கதவத் தொறந்து என்னப் பாத்தா. உள்ள போயி வாந்தி எடுத்தா மேடம். அண்ணனப் பாத்து வாந்தி எடுக்கற தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்ல? வேற யாராச்சும் அவகிட்ட எடுத்துச் சொன்னாக்கூடப் போதும்.”

அவர் போன பிறகு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது, நல்ல பதில். அது வட்டத்துக்குள் யாரிடமும் இல்லை, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கடையில் இருந்தது. பதில் இல்லாத இடத்தில் கேள்வியை வைத்து, எட்டு வாரம் ஒரு பெண்ணின் உடம்புக்குள் அண்ணன் மேல் வெறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறேன். காரணம் தெரிந்த கோபமாக இருந்தால் அவரே அதை எடுத்துத் திருப்பிப் பார்த்திருப்பார். காரணத்தைச் சொட்டு தின்றுவிட்டது. கோபம் மட்டும் நின்றது.

சேலத்தில் இருக்கும் டாக்டர் சிரிலைக் கூப்பிட்டேன். வட்டம் நடத்துபவர்கள் சிக்கலில் மாட்டினால் பேசுவதற்கென்று உள்ள மேற்பார்வையாளர் அவர். அவரிடம் மட்டும், பெயர் சொல்லாமல் பேசலாம்.

“எத்தன தடவ கேட்டீங்க?” என்றார்.

“எட்டு சார்.”

“ஒரு தடவ தவறும். எட்டுத் தடவ ஏன்?”

“வேலை செஞ்சுது சார். எல்லாரும் அழுதாங்க.”

“அழறதுக்குப் பேரு வேலை செய்யறதாம்மா?”

அவரே தொடர்ந்து, “வெளிய வச்சு எதையும் சொல்லிடாதீங்க” என்றார். “உள்ள பேசறது தனக்கே வெளிய தெரிய வேணாம்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்னிக்கு நீங்க நல்லதுக்குன்னு ஒண்ணச் சொல்லுவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் அவருக்கு நல்லதுன்னு பட்டத வேற யார்கிட்டயாவது சொல்லுவாரு. அப்புறம் எவன் வாயத் தொறப்பான்? உள்ள போட்ட முடிச்ச உள்ளயே அவுருங்க.”

“உள்ள சொன்னா மறந்துடுவாங்களே.”

“விஷயம் மறக்கும். உணர்ச்சி நிக்கும். நம்ம தொழிலே அதானேம்மா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் எந்த அறிவுரையும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. உள்ளே வைத்துச் சொன்னால் மனதும் ஆறும், பெயரும் கெடாது, வட்டம் நடத்தும் உரிமமும் போகாது. நான் மன்னிப்புக் கேட்டது அம்சவேணிக்குக்கூட ஞாபகம் இருக்காது. இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் சொட்டு போட்டுக்கொண்ட பிறகு, அம்சவேணி தொடங்கும் முன்பே நான் தொடங்கினேன். என்ன கேட்டேன், எத்தனை வாரம் கேட்டேன், அலுப்பில்தான் முதலில் கேட்டேன் என்பது வரை சொன்னேன். “உங்கண்ணன் ஆள் அனுப்புனாரு அம்சவேணி. நாராயணன் கேட்டுல ஒன்ற மணி நேரம் நின்னாரு, செக்யூரிட்டி உங்ககிட்டச் சொல்லல. அனுப்பலன்னு உங்கள நெனக்க வச்சது நான்.” அம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “நாராயணண்ணனா? ஒன்ற மணி நேரமா நின்னாரு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க வேணும்னா பண்ணீங்க? விடுங்க மேடம். மன்னிச்சாச்சு” என்றார். எனக்கு உயிர் வந்தது.

டீ நேரத்தில் சுண்டல் தட்டை அவரிடம் நீட்டினேன். ஒரு அடி பின்னால் போனார். “வேணாம் மேடம்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக அங்கேயே போனார்கள். யாருக்கும் காரணம் தெரியாது. சினிமாவைப் பற்றி, காஸ் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். நான் தட்டோடு தனியாக நின்றேன். அம்சவேணி ஃபோனைக் கையில் எடுத்து, ஒரு தரம் திருப்பிப் பார்த்து, மறுபடி பைக்குள் போட்டார்.

எட்டு வாரம் ஊற்றியது ஒரு வாரத்தில் இறங்காது. அடுத்த சனிக்கிழமையும் சொன்னேன். நினைவில்லாதவரிடம் மன்னிப்புக் கேட்டால் அடுத்த முறை முதலிலிருந்து கேட்க வேண்டும். இந்த முறை அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். “எங்கப்பன் செத்ததச் சொல்லி அழுதேன். உனக்கு அலுத்துப் போச்சா? எங்கண்ணன எனக்கு ஆகாதவனாக்கிட்டியேடி” என்றார். என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்றைக்கு டீ நேரத்தில் வராந்தா மூலையில் நின்று ஃபோனில் பேசினார். “ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான் அடிச்சேன். சாப்ட்டியா?” என்பது மட்டும் கேட்டது. ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

மூன்றாவது சனிக்கிழமை நான்கு பேர்தான் வந்தார்கள். இரண்டு பேர் ஏன் வராமல் நின்றுவிட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அம்சவேணி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். கூட்டம் முடியும் வரைக்கும் திரும்பவில்லை. டீக்கு இருக்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாதேஷ் ஃபோன் செய்தார். “பத்திரிகை வந்துருச்சு மேடம்! அவளே வந்தா, வெத்தல பாக்கு தட்டோட. வாசல்ல நின்னு ரெண்டு பேரும் அழுதோம். நீங்க என்ன பண்ணீங்களோ எனக்குத் தெரியாது, தெரிய வேணாம். நீங்க நல்லாருக்கணும்.” நான் ஃபோனை வைத்தேன். அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒரு நாள் முழுக்க, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு அம்சவேணி வந்தார். அன்றைக்குக் கூட்டம் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களப் பாத்தா எனக்கு வயித்தப் பெரட்டுது. இப்பக்கூட.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

“எங்கண்ணனப் பாத்தப்பவும் இதே பெரட்டல்தான். ஒரே மாதிரி. அங்க இப்ப நின்னு போச்சு. சரி, எங்க போச்சுன்னு பாத்தா, இங்க வந்து நிக்குது. பதினாறு வருஷம் செக்கிங்ல இருக்கேன் மேடம். ஒரே கோளாறு ரெண்டு பீஸ்ல வந்தா நாங்க பீஸைக் குத்தம் சொல்ல மாட்டோம். மெஷினப் போய்ப் பாப்போம்.” பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நீங்க எனக்கு ஏதாச்சும் பண்ணீங்களா?”

சொல்ல வேண்டிய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அனுமதி இல்லைங்க. ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார், என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவரும் எப்போதோ அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தக் கையெழுத்து அவருடைய ரகசியத்தை ஊரிடமிருந்து காப்பாற்றுவதற்கு. நான் அதை வைத்து என்னுடைய ரகசியத்தை அவரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

சொன்னேன். மூன்று வாரம் அதையே சொன்ன நாக்குதான், அன்றைக்குத் தடுமாறியது. கேட்பவருக்கு நாளைக்கும் நினைவிருக்கும் என்னும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் எடை கூடிவிடுகிறது. ‘அலுத்துவிட்டது’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். அதையும் சொன்னேன். சொன்னதற்காகப் பிறகு உரிமம் போனது. விதியை மீறியதைத் தெரிவித்து நானேதான் கடிதம் எழுதி அனுப்பினேன், அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு அம்சவேணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“நாராயணண்ணன் நின்னத அண்ணனும் சொல்லல. நீங்க சொல்லித்தான் தெரியுது.”

“ஆமா.”

“இத உள்ள வச்சு என்கிட்டச் சொன்னீங்களா?”

“மூணு வாரம் சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்? மன்னிச்சேனா?”

மன்னிச்சீங்க என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு உண்மை. மற்ற இரண்டையும் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

“முதல் வாரம் மன்னிச்சீங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டு, விடுங்க மேடம்னீங்க. ரெண்டாவது வாரம் அடிக்க வந்தீங்க. மூணாவது வாரம் எதுவும் பேசல, சுவரப் பாத்து நின்னீங்க.”

“இதுல எது நான்?”

“தெரியலங்க.”

“எங்கண்ணன வெறுத்ததும் எனக்குத் தெரியாமத்தான் வெறுத்தேன். உங்கள மன்னிச்சதும் எனக்குத் தெரியாமத்தான் மன்னிச்சிருக்கேன். ரெண்டும் செல்லாது மேடம்” என்றார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார். “இப்பக் கேளுங்க.”

கேட்டேன். “நான் பண்ணுனது தப்பு அம்சவேணி. என்ன மன்னிச்சுக்கங்க.” இரண்டே வாக்கியம். உள்ளே இதைவிட அழகாகக் கேட்டிருக்கிறேன்.

அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “எங்கண்ணனுக்குப் பண்ணுனதுக்கு அவர்கிட்டதான் கேக்கணும். அத நான் மன்னிக்க முடியாது. எனக்குப் பண்ணுனதுக்கு...” என்று நிறுத்தினார். “இன்னும் தெரியல. தெரியறப்ப வந்து சொல்றேன்.”

படி வரைக்கும் போனவர் நின்றார்.

“மறக்க மாட்டேன்” என்றார்.